முப்பத்தைந்து மில்லிமீட்டர்

ஊவ்ஸ் மாநிலத்துச் சிற்றூர் மருத்துவமனைக்குக்
குளிர் நாற்பதைத் தாண்டிய ஒரு காலையில்
சோய்ஜில் வந்தார்.
எந்த வாசலுக்கும் குனிந்தே பழகிய உடம்பு.
அவர் மூன்று அடுக்கு உடுப்பைக் கழற்றி முடிப்பதற்குள்
அடுப்பில் நான் இரண்டு முறை நிலக்கரி போட்டுவிட்டேன்.

ரத்த அழுத்தம் மேலே நூற்றுத் தொண்ணூறு,
கீழே நூற்றுப் பத்து.
"தலை வலிக்கவில்லையே" என்றார்,
வலி வந்து கையெழுத்துப் போட்டால்தான்
எதுவும் செல்லும் என்பதுபோல.

பசை சில்லிட்டது.
ஆறு ரப்பர் குமிழ்கள் நெஞ்சைக் கவ்வின.
இளஞ்சிவப்புக் கட்டங்களின்மேல் ஊசி கிளம்பியது.
கிளம்பியது
மேல் வரிசைக்குள் போய் முட்டியது.
ஒரு துடிப்பு இன்னொரு துடிப்பின் காலை மிதித்தது.
நிறுத்தினேன். அளவைப் பாதியாக்கி
மறுபடி ஓடவிட்டேன்.
பாதியானது காகிதம்தான்.

மார்பெலும்பின் வலப்புறத்தில் பள்ளம் ஒன்பது.
அக்குளை ஒட்டிய இடத்தில் கோபுரம் பதின்மூன்றரை.
கூட்டி இரண்டால் பெருக்கு:
நாற்பத்தைந்து.
முப்பத்தைந்துக்கு மேல் போனால் சந்தேகி என்று
சுவரில் ஒட்டிய தாள் சொல்கிறது.

"பெரிய இதயமா?"
அவர் முகத்தில் பழைய விழாக்காலம் ஏறியது.
இருபத்திரண்டு வயதில் மாநில மல்யுத்தத்தில்
ஐந்து சுற்று வென்று
கொடியைச் சுற்றிக் கழுகு ஆட்டம் ஆடியவர்.
"அன்றே தெரியும் எனக்கு."

மல்லனின் இதயமும் வளரும், உண்மைதான்.
ஆனால் அவர் களத்தை விட்டு முப்பது வருடமாயிற்று.
இப்போது உள்ளே மல்லுக்கு நிற்பது
நேர வரம்பில்லாத பந்தயம்.
எதிராளி விழுவதில்லை. களைப்பதும் இல்லை.
ஒவ்வொரு முறையும் அந்த எடையைத் தள்ளித் தள்ளி
இடது அறைச் சுவர் தடிக்கிறது,
தடித்துத் தடித்து உள்ளறை நெருக்கமாகிறது.
இதையெல்லாம் எப்படிச் சொல்வது?
நான் படம் எடுப்பவள்.
டாக்டர் நோமின்தரி பிரசவம் பார்க்க
ஜீப்பில் போயிருந்தாள்.

அவரே காகிதத்தை வாங்கினார்.
வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.
கோபுரங்களை விட்டுவிட்டு
அவற்றுக்குப் பின்னால் வரும் சின்ன மேட்டில்
நகத்தை வைத்தார்.
அங்கே மேடு இருக்க வேண்டும். இருந்தது குழி.
கோட்டுக்குக் கீழே சரிந்து,
மெதுவாக இறங்கி, விசுக்கென்று எழுந்தது.

"இங்கே முழங்கால் தரையைத் தொட்டிருக்கிறதே."

வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
முழங்கால் பட்டால் ஆட்டம் முடிந்தது என்பது
அந்த நாட்டில் குழந்தைக்கும் தெரியும்.
"இன்னும் முடியவில்லை" என்று மட்டும் சொன்னேன்.
அது பொய்யா என்று எனக்கே தெரியவில்லை.

அன்றிரவு மின்சாரம் நின்று நின்று வந்தது.
யாரும் இல்லாத அறையில்
என் நெஞ்சிலேயே குமிழ்களை ஒட்டினேன்.
முப்பத்தெட்டு.
மறுநாள் நோமின்தரி சிரித்தாள்:
"உன் விலா எலும்பில் கொழுப்பே இல்லை,
ஊசிக்கு உன் இதயம் பக்கத்து வீடு.
உன் அழுத்தம் நூற்றுப் பத்து. போ, சாப்பிடு."
எண் பொய் சொல்லாது; ஆனால்
யாரைப் பற்றிச் சொல்கிறது என்று
கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோய்ஜிலுக்கு மாத்திரை. தினமும்,
தலை வலித்தாலும் வலிக்காவிட்டாலும்.
பால் தேநீரில் உப்பைக் குறைத்ததற்கு
மனைவி செரென்லாமோடு இரண்டு வாரம் பேச்சில்லை.
"வெந்நீரை ஏன் தேநீர் என்கிறாய்?" என்பதே
கடைசியாகப் பேசியது.

அடுத்த குளிர்காலம் வந்தார்.
நாற்பது.
சொன்னேன். விரல்களை மடக்கி
ஐந்தையும் எண்ணிப் பார்த்தார்.
குழி இருந்தது, முன்னைவிட ஆழம் குறைந்து,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

போகும்போது பழைய படத்தைக் கேட்டார்.
இது சூடு பட்டால் கறுத்துவிடும் காகிதம்,
குளிர்ந்த இடத்தில் வையுங்கள் என்றேன்.
தலையாட்டிக்கொண்டே
மூக்குப்பொடிச் சிமிழுக்குப் பக்கத்தில்,
அங்கியின் மார்பு மடிப்புக்குள்
அதைச் செருகிக்கொண்டு
வாசலில் குனிந்து வெளியே போனார்.